இணைப்பு யார் கையில்?

தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால், நான்காம் வகுப்பு மாணவனும் அலெக்சாண்டர் கிரகாம் பெல் என்று தயங்காது விடை கூறுவான். அவர் அக்கருவிக்குக் காப்புரிமை பெற்றது 1876ஆம் ஆண்டு என்பதையும் சேர்த்தே கூறுவான். ஆனால், ஒருவர் பேசும் பேச்சை அவர் விரும்பிய மற்றொருவரிடம் கொண்டு சேர்க்கும் இணைப்பகத்தை ஆக்கியவர் யார் என்று கேட்டால், ஆசிரியரே சற்று யோசிக்க வேண்டியிருக்கும். பாடநூல்கள் கருவியைப் போற்றின, இணைப்பகத்தை மறந்தன. இஃது ஒரு குறையே. இரண்டு கருவிகளும் அவற்றினிடையே ஒரு கம்பியும் இருந்தால் அது தொலைபேசி ஆகலாம். ஊரார் பயன்படுத்தும் தொலைபேசி முறை ஆகாது.

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஓர் ஊரில் 100 வீடுகளில் தொலைபேசி இருக்கிறது. எந்த வீட்டாரும் எந்த வீட்டாரோடும் பேச வேண்டுமானால், வீட்டுக்கு வீடு தனிக்கம்பி இழுக்க 4,950 கம்பிகள் வேண்டும். வீடுகள் 1,000 ஆனால் கம்பிகள் 499,500 ஆகிவிடும். வானமே மறைந்து போகும். மாறாக, எல்லா வீட்டுக் கம்பிகளையும் நடுவில் ஓரிடத்திற்குக் கொண்டுவந்து, வேண்டியபோது வேண்டிய இரண்டை மட்டும் சேர்த்துவிட்டால் 100 வீட்டுக்கு 100 கம்பிகளே போதும். அந்த நடுவிடமே இணைப்பகம்.

அங்கே அமர்ந்து, ‘இன்னாருடைய கம்பியை இன்னாருடைய கம்பியோடு சேர்’ என்று முடிவு செய்வது யார்? முதலில் மனிதக் கை செய்தது. பிறகு இரும்பும் பித்தளையும் செய்தன. இன்று எழுதி வைக்கப்பட்ட நிரல் செய்கிறது. இணையத் தொலைபேசியில் வேலை பார்க்கும் மென்பொருள் இணைப்பகத்தை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், இந்த அதிகாரம் கைமாறி வந்த வழியை அறிதல் வேண்டும்.

கையும் இரும்பும்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் என்னும் நகரம் உண்டு. பொதுமக்கள் பயன்படுத்திய முதல் வணிக இணைப்பகம் அங்கேதான் 1878 ஜனவரி 28ஆம் நாள் திறக்கப்பட்டது. அதனை அமைத்தவர் ஜார்ஜ் காய் என்பவர். வண்டிகளில் முடுக்கும் திருகாணிகளையும், பெண்கள் ஆடையைப் புடைத்து நிறுத்தப் பயன்பட்ட கம்பிகளையும் கொண்டு அவர் தம் இணைப்புப் பலகையைச் செய்தார் என்பர். முதலில் சேர்ந்தவர் 21 பேர். அடுத்த மாதமே ஒரே தாளில் அச்சிட்ட தொலைபேசிப் பட்டியல் வெளிவந்தது.

இணைப்புப் பலகைகளில் முதலில் சிறுவர்களை அமர்த்தினர். தந்தி அலுவலகங்களில் செய்தி சுமந்து ஓடிப் பழகிய பிள்ளைகள் அவர்கள். அழைத்தவரிடம் ஏட்டிக்குப் போட்டி பேசுவதும், வேண்டுமென்றே கம்பியை மாற்றிச் செருகி வேடிக்கை பார்ப்பதும் அவர்களுக்கு விளையாட்டாயின. பாஸ்டன் நகரில் 1878 செப்டம்பர் 1ஆம் நாள் எம்மா நட் என்னும் பெண்மணி வேலையில் அமர்ந்தார். உலகின் முதல் பெண் இணைப்பாளர் அவரே. அதன் பின்னர் இத்தொழில் பெண்களுடையதாயிற்று. நல்ல இணைப்பாளர் ஒருவர் கம்பியை மட்டும் செருகவில்லை. ‘மருத்துவர் வீட்டில் இல்லை, மருந்துக் கடையில் இருப்பார், அங்கே தருகிறேன்’ என்று சொல்லும் அறிவும் அவரிடம் இருந்தது. இணைப்பகத்தின் மூளை என்று எதையாவது சொல்வதாயின், அந்நாளில் அது ஒரு பெண்ணின் தலைக்குள் இருந்தது.

ஆனால் தலைக்குள் இருக்கும் அறிவுக்கு விருப்பு வெறுப்பும் உண்டு. கான்சஸ் சிட்டியில் ஆல்மன் ஸ்ட்ரௌஜர் என்பவர் இறந்தோரை அடக்கம் செய்து கொடுக்கும் தொழில் நடத்தினார். அதே தொழிலில் அவருக்குப் போட்டியாளர் ஒருவர் இருந்தார். அந்தப் போட்டியாளரின் மனைவி உள்ளூர் இணைப்பகத்தில் வேலை செய்தார். ஸ்ட்ரௌஜரைக் கேட்டு வந்த அழைப்புகளையெல்லாம் தம் கணவருக்கே திருப்பிவிட்டார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கதை முழுவதும் உண்மையோ அன்றோ, அதன் விளைவு உண்மை. மனிதக் கை இல்லாத இணைப்பகத்திற்கு ஸ்ட்ரௌஜர் 1891 மார்ச் 10ஆம் நாள் காப்புரிமை பெற்றார். இந்தியானா மாநிலத்து லா போர்ட் ஊரில் 1892 நவம்பர் 3ஆம் நாள் அவருடைய முறையில் அமைந்த தானியங்கி இணைப்பகம் திறக்கப்பட்டது.

அம்முறை வளர்ந்து நிலைபெற்றபோது அதன் உறுப்பு இப்படி இருந்தது: நிமிர்ந்து நிற்கும் ஒரு தண்டு, அதைச் சுற்றிப் பத்து அடுக்குகளில், அடுக்குக்குப் பத்தாக நூறு முனைகள். அழைப்பவர் 7 என்று சுழற்றினால் தண்டு ஏழு படி ஏறும். அடுத்து 3 என்று சுழற்றினால் மூன்று முனை திரும்பும். 73ஆம் எண் கிடைத்துவிடும். கூர்ந்து நோக்கினால், இங்கே இணைப்பாளர் வேலை முழுவதும் அழைப்பவரிடமே ஒப்படைக்கப்பட்டு விட்டது. அவர் விரலே தொலைவில் இருந்த தண்டை இழுத்தது. பேச்சு செல்லும் பாதையும் அப்பாதையைத் தேர்ந்தெடுக்கும் அறிவும் ஒரே இரும்பில் ஒட்டிக் கிடந்தன. பேச்சு முடியும் வரை அந்தத் தண்டு வேறு எவருக்கும் பயன்படாது.

இந்த ஒட்டுதலைப் பிரித்ததே அடுத்த முன்னேற்றம். ‘கிராஸ்பார்’ எனப்படும் குறுக்குச் சட்ட இணைப்பகங்களில், அழைக்கப்பட்ட எண்ணை வாங்கி, காலியான பாதையைத் தேடிப் பிடித்து, சட்டங்களை அசைத்து இணைத்துவிட்டு விலகிக்கொள்ளும் தனிப் பகுதி ஒன்று இருந்தது. ஓர் அழைப்புக்கு அதன் வேலை ஒரு வினாடிக்கும் குறைவே. பிறகு அடுத்த அழைப்பைக் கவனிக்கப் போய்விடும். அமெரிக்காவில் இம்முறை 1938ஆம் ஆண்டு நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பெரிய அளவில் நிறுவப்பட்டது. முடிவு செய்வது வேறு, சுமந்து செல்வது வேறு என்னும் உண்மையை இரும்பு இணைப்பகமே முதலில் உணர்த்திற்று. மென்பொருள் இணைப்பகத்தின் விதை இதில்தான் இருக்கிறது.

நிரல் எழுதப்பட்டது

முடிவு செய்வதற்கென்று தனி உறுப்பு ஒன்று உண்டான பின், அந்த உறுப்பு ஏன் கணினியாக இருத்தல் கூடாது? பெல் ஆய்வகத்தார் இக்கேள்விக்கு இலினாய் மாநிலத்து மாரிஸ் ஊரில் 1960ஆம் ஆண்டு ஒரு சோதனை இணைப்பகம் அமைத்து விடை கண்டனர். நியூஜெர்சி மாநிலத்தின் சக்கசன்னா என்னும் ஊரில் 1965 மே 30ஆம் நாள், நிரலால் இயங்கும் இணைப்பகம் முறையாகச் சேவைக்கு வந்தது. அதன் நிரல், சிறு சிறு காந்தங்கள் பதித்த அலுமினியத் தகடுகளில் எழுதப்பட்டிருந்தது. இணைப்பகம் செய்யும் வேலையை மாற்ற வேண்டுமானால் இனி முறுக்காணியைத் தேட வேண்டியதில்லை. தகட்டை மாற்றினால் போதும்.

எனினும் கணினிக்கு ஒரு வலுக்குறை இருந்தது. திடீரென்று அழைப்புகள் வெள்ளம்போல் வந்தால் எல்லாவற்றையும் ஒருங்கே கவனிக்க முயன்று எதையும் முடிக்காமல் திணறிப்போகும். இதற்குத் தீர்வு கண்டவர் எர்னா ஷ்னைடர் ஹூவர் என்னும் அம்மையார். மகளைப் பெற்று மருத்துவமனையில் இருந்த நாட்களில் அவர் இத்தீர்வின் வரைபடங்களைப் போட்டார். வரும் அழைப்புகளின் விரைவைக் கணினி தானே அளந்து, நெருக்கடி நேரத்தில் முதன்மையான வேலைகளை முன்னே வைத்து, புதிய அழைப்புகளை ஏற்பதைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். 1971 நவம்பரில் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. மென்பொருளுக்குத் தரப்பட்ட தொடக்கக் காப்புரிமைகளுள் இஃதும் ஒன்று. அம்மையார் கல்லூரியில் முதலில் படித்தது இடைக்கால வரலாறு. பின்னர் கணிதத்தின் அடிப்படைகளில் முனைவர் பட்டம் பெற்றார். வரலாறு படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்கும் பெற்றோர் இதனை மனத்தில் கொள்ளலாம்.

இதற்கிடையே பேச்சும் எண்ணாக மாறியது. குரலை வினாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எட்டு இருமக் குறிகளால் எழுதினால், ஒரு குரல் வினாடிக்கு 64,000 குறிகளாகும். இக்கருத்தை ஆங்கிலேயப் பொறியாளர் அலெக் ரீவ்ஸ் 1930களின் பிற்பகுதியிலேயே வெளியிட்டார். எண்ணாகிய குரலை எண்ணாகவே இணைக்கும் இணைப்பகத்தைப் பிரெஞ்சுக்காரர் 1970ஆம் ஆண்டு பிரிட்டனி வட்டாரத்தில் இயக்கிக் காட்டினர்.

கட்டளையைப் பேச்சினின்று பிரிக்க வேண்டிய கட்டாயம் வேறொரு பக்கத்திலிருந்தும் வந்தது. அமெரிக்காவின் நெடுந்தொலைவுத் தடங்களில், ‘இத்தடம் காலியாக உள்ளது’ என்னும் குறிப்பை வினாடிக்கு 2,600 அதிர்வுள்ள ஒலியாகப் பேச்சுக் கம்பியிலேயே அனுப்பி வந்தனர். கண்பார்வையற்ற சிறுவன் ஒருவன் அந்த ஒலியை வாயால் சீழ்க்கையடித்தே உண்டாக்கி, தடம் தன் பேச்சைக் கேட்பதைக் கண்டுகொண்டான். காலை உணவுப் பெட்டியில் இனாமாக வைத்திருந்த விளையாட்டு ஊதல் ஒன்றும் அதே ஒலியை எழுப்பிற்று. பிறகென்ன? பணம் கொடுக்காமல் உலகெங்கும் பேசும் ஒரு கூட்டமே கிளம்பிவிட்டது. கட்டளை செல்லும் வழியில் பொதுமக்கள் குரலும் செல்வதுதான் நோய் என்று கண்ட நிறுவனத்தார், 1976 முதல் கட்டளைகளுக்கென்றே தனி வலையமைப்பை ஏற்படுத்தினர். அதன் வழிவந்ததே பின்னர் உலகெங்கும் பரவிய ஏழாம் எண் சமிக்ஞை முறை.

இவ்வாறு பேச்சு ஒரு வழியும் கட்டளை வேறொரு வழியுமாகப் பிரிந்தன. பெரிய இணைப்பகங்கள் கட்டளை வலையின் மூலம் ஒன்றோடொன்று ஓயாது செய்தி பரிமாறிக்கொண்டன. நன்மை பெரிது. தீமை எவ்வளவு என்பது 1990 ஜனவரி 15ஆம் நாள் பிற்பகல் தெரிந்தது.

அன்று ஏடி அண்ட் டி நிறுவனத்தின் நியூயார்க் இணைப்பகம் ஒன்று தன்னிடம் சிறு கோளாறு இருப்பதை உணர்ந்து, சில வினாடிகள் தன்னை நிறுத்திச் சரிசெய்துகொண்டு மீண்டது. மீண்டதும் அண்டை இணைப்பகங்களுக்குச் செய்தி அனுப்பத் தொடங்கியது. முந்தைய டிசம்பரில் எல்லா இணைப்பகங்களிலும் ஏற்றப்பட்டிருந்த புதிய நிரலில் ஒரு பிழை ஒளிந்திருந்தது. ‘இங்கே நிறுத்தி வெளியேறு’ என்று பொருள்படும் ஒரே ஒரு சொல் இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது. அதனால், ஒரு செய்தியைக் கவனித்துக்கொண்டிருக்கும்போதே, வினாடியின் நூறில் ஒரு பங்கு நேரத்தில் இன்னொரு செய்தி வந்துவிட்டால், அண்டை இணைப்பகமும் குழம்பித் தன்னை நிறுத்திக்கொண்டது. அது மீண்டெழுந்து தன் அண்டைக்குச் செய்தி அனுப்ப, அதுவும் நின்றது. இப்படி நாடெங்கும் இருந்த 114 இணைப்பகங்களும் ஒன்றையொன்று வீழ்த்திக்கொண்டே இருந்தன. ஒன்பது மணி நேரம் இந்நிலை நீடித்தது. முயன்ற அழைப்புகளில் ஏறத்தாழப் பாதி போய்ச் சேரவில்லை. பொறியாளர்கள் செய்திப் போக்குவரத்தைக் குறைத்த பிறகே அமைதி திரும்பியது.

இரும்புத் தண்டு தேய்ந்தால் ஒரு தெருவின் பேச்சு நிற்கும். நிரலில் ஒரு சொல் பிழைத்தாலோ, அதே நிரலைப் படித்து நடக்கும் அத்தனை இணைப்பகங்களும் அதே பிழையைச் செய்யும். ஒரே விடைத்தாளைப் பார்த்து எழுதிய வகுப்பு முழுவதும் ஒரே கணக்கில் தவறுவது போன்றது இது.

கட்டளையும் குரலும் முற்றும் பிரிந்தன

இணையத்தின் அடிப்படை வேறு. செய்தியைச் சிறு சிறு பொதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பொதியின்மேலும் முகவரி எழுதி அனுப்பலாம் என்னும் கருத்தை 1960களில் அமெரிக்காவில் பால் பாரனும் பிரிட்டனில் டொனால்டு டேவிஸும் தனித்தனியே கண்டனர். பேசுவோர் இருவருக்கென்று ஒரு தடத்தை ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. அஞ்சல் பைபோல எல்லாருடைய பொதிகளும் ஒரே வழியில் கலந்து செல்லலாம். இம்முறையில் குரலையும் அனுப்ப முடியும் என்பதை, டேனி கோஹன் முதலியோர் 1974 டிசம்பரில் அர்ப்பாநெட் வலையில் கலிபோர்னியாவுக்கும் மாசசூசெட்ஸுக்கும் இடையே பேசிக் காட்டி மெய்ப்பித்தனர். எனினும் பொதுமக்கள் கைக்கு அது வர இருபது ஆண்டுகள் ஆயின. இஸ்ரேலைச் சேர்ந்த வோக்கல்டெக் நிறுவனம் 1995ஆம் ஆண்டு இணையத் தொலைபேசி மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கணினி வைத்திருந்த இருவர், ஒரே நேரத்தில் அதன் முன் அமர்ந்திருந்தால் பேசலாம். வீட்டுத் தொலைபேசியில் இருக்கும் பாட்டியை அதன்மூலம் அழைப்பதற்கு வழியில்லை.

பாட்டியை அழைக்க வேண்டுமானால் இணையத்திற்கும் பழைய தொலைபேசிக்கும் நடுவே ஒரு வாயில் வேண்டும். ஒருபக்கம் பொதிகள், மறுபக்கம் பழைய தடங்கள். அந்த வாயிலில் குரலை மாற்றித் தரும் பெட்டி ஒன்றை வைத்தனர். ஆனால் எந்த அழைப்பை எங்கே விடுவது என்னும் முடிவையும் அப்பெட்டியே செய்ய வேண்டுமா? இங்கேதான் 1998, 1999ஆம் ஆண்டுகளில் சில பொறியாளர் துணிந்து ஒரு கோடு கிழித்தனர். குரலை மாற்றும் பெட்டி குரலை மட்டும் மாற்றட்டும். முடிவு செய்யும் அறிவை முழுவதும் அதிலிருந்து உருவி, கடையில் கிடைக்கும் சாதாரணக் கணினியில் மென்பொருளாக வைத்துவிடுவோம் என்றனர். அந்த மென்பொருளுக்கு ‘சாஃப்ட்ஸ்விட்ச்’ என்று பெயர் வந்தது. மென்பொருள் இணைப்பகம் என்று நாம் சொல்லலாம். 1999ஆம் ஆண்டிலேயே அதற்கென நிறுவனங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு ஒன்றும் தோன்றியது.

இதற்குப் பின்னால் வாணிபக் காரணமும் இருந்தது. அதனை மறைக்க வேண்டியதில்லை. அதுவரை இணைப்பகம் என்றால் பெரிய அறையை அடைத்து நிற்கும் பெட்டிகள். பெட்டியும் நிரலும் ஒரே நிறுவனத்தினுடையவை. புதிய வசதி ஒன்று வேண்டுமென்றால் அந்நிறுவனம் மனம் வைக்கும் வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மேலும், சில நிமிடப் பேச்சுக்கென்று கணக்கிட்டுக் கட்டிய இணைப்பகங்களில், தொலைபேசிக் கம்பி வழியே இணையத்துக்குள் நுழைந்தவர்கள் மணிக்கணக்கில் தடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தனர். அந்தக் கூட்டத்தை வேறு வழியில் திருப்பிவிட மலிவான ஏற்பாடு தேவைப்பட்டது.

மென்பொருள் இணைப்பகம் வேலை செய்யும் முறையை நம் ஊர்க் கலியாணத் தரகரோடு ஒப்பிடலாம். இரு வீட்டாருக்கும் முகவரி கொடுத்து, சம்மதம் கேட்டு, நாள் குறித்துக் கொடுப்பது அவர் வேலை. அதன்பின் இரு வீட்டாரும் நேரே பேசிக்கொள்வர், தரகர் ஒதுங்கிக்கொள்வார், கூலியை மட்டும் குறித்து வைப்பார். இணையத் தொலைபேசியில் இந்த அறிமுகப் பேச்சுக்குப் பெரிதும் வழங்கும் மொழி ‘சிப்’ எனப்படும் நெறிமுறை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹென்னிங் ஷுல்ஸ்ரின்னும் மூவரும் சேர்ந்து எழுதிய அதன் முதல் வடிவம் 1999 மார்ச் மாதம் வெளிவந்தது; திருத்திய வடிவம் 2002ஆம் ஆண்டு வந்தது. அழைப்பவரின் கருவி ‘அழைக்கிறேன்’ என்று ஒரு கடிதம் விடும். இணைப்பக மென்பொருள், அழைக்கப்பட்டவர் அந்நேரம் எந்த முகவரியில் இருக்கிறார் என்று தன் ஏட்டைப் புரட்டிப் பார்த்துக் கடிதத்தை அங்கே அனுப்பும். ‘180’ என்று விடை வந்தால் மணி அடிக்கிறது என்று பொருள். ‘200’ என்றால் எடுத்துவிட்டார். ‘486’ என்றால் அவருக்கு இப்போது ஒழிவில்லை. பேசி முடித்தால் ‘போய்வருகிறேன்’ என்று ஒரு கடிதம். இவையெல்லாம் கண்ணால் படிக்கக்கூடிய எழுத்துகளிலேயே எழுதப்படுகின்றன.

குரல் இந்தக் கடிதங்களோடு போவதில்லை. அதற்கு 1996ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட வேறொரு நெறிமுறை உண்டு. பெரும்பாலும் வினாடிக்கு 50 பொதிகள். பழைய அளவுப்படி அனுப்பினால் ஒவ்வொன்றிலும் 160 பைட் குரலும், அதைச் சுமக்க 40 பைட் முகவரிச் சீட்டுகளும் இருக்கும். ஒரு பொதி தவறினால் திரும்பக் கேட்டு வாங்க நேரமில்லை. விட்டுவிட்டு மேலே போக வேண்டியதுதான். ஒரு வாயினின்று புறப்பட்ட சொல் மறு காதை அடைய 150 மில்லி வினாடிக்கு மேல் ஆகாதிருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது பன்னாட்டு அளவுகோல். அதனால்தான் குரல் கூடியவரை நேர்வழியில் செல்ல விடப்படுகிறது. அழைப்பவர் இருவரும் ஒரே தெருவில் இருக்க, அவர்களை இணைத்து வைத்த மென்பொருள் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கலாம். ஸ்ட்ரௌஜரின் தண்டில் ஒட்டிக் கிடந்த இரண்டும் இங்கே முற்றும் பிரிந்துவிட்டன.

வாயிற்பெட்டியை நடத்துவதற்கு வேறு மொழி. ‘இந்த முனையைத் திற, அந்த முகவரிக்குக் குரலை அனுப்பு, மூடு’ என்று மென்பொருள் ஆணையிடும், பெட்டி சொன்னதைச் செய்யும். இந்த ஆண்டான் அடிமை முறை இணையத்தின் இயல்புக்கு ஒவ்வாதது என்று வாதிட்டோர் பலர். அறிவு ஓரங்களில், அதாவது பேசுவோர் கருவிகளிலேயே இருக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. தொலைபேசி நிறுவனங்களில் வளர்ந்தோரோ, கணக்கும் ஒழுங்கும் நடுவில் இருந்தாலன்றி நாட்டுக்கு முழுதும் சேவை செய்ய முடியாது என்றனர். நடைமுறையில் இரண்டும் நிலைத்தன. பன்னாட்டுத் தொலைத்தொடர்புச் சங்கமும் இணையப் பொறியாளர் குழுவும், வழக்கத்திற்கு மாறாக, 2000ஆம் ஆண்டு வாயிற்பெட்டிக்கான ஆணைமொழியைக் கூட்டாகவே வெளியிட்டன.

அறிவு சாதாரணக் கணினிக்கு வந்துவிட்டதால் ஏற்பட்ட பெரும்பயன், அதனைச் சாதாரண மனிதனும் எழுத முடிந்ததே. அலபாமா மாநிலத்தில் மார்க் ஸ்பென்சர் என்னும் மாணவர் 1999ஆம் ஆண்டு சிறு நிறுவனம் ஒன்று தொடங்கினார். அலுவலகத்திற்கு வேண்டிய தொலைபேசி இணைப்புப் பெட்டியின் விலை அவர் கைக்கு எட்டவில்லை. வாங்க முடியாததை எழுதிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்து ஒரு நிரலை எழுதினார். ‘ஆஸ்டெரிஸ்க்’ என்று அதற்கு உடுக்குறியின் பெயரை இட்டார். எழுதியதைப் பூட்டி வைக்கவில்லை. எவரும் எடுத்துப் படித்து, திருத்தி, பயன்படுத்தலாம் என்று வெளியிட்டார். ஜிம் டிக்சன் என்பவர், பழைய தொலைபேசித் தடங்களைக் கணினியில் செருகும் அட்டையின் வரைபடத்தையும் அவ்வாறே வெளியிட்டார். இவை இரண்டும் சேர்ந்தபோது, பழைய கணினி ஒன்றும் பொறுமையும் உள்ள எவரும் ஒரு பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ இணைப்பகம் அமைத்துவிட முடிந்தது. அந்தோனி மினசேல் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஃப்ரீஸ்விட்ச்’ இன்னும் பெரிய அளவில் அழைப்புகளைத் தாங்குமாறு வேறொரு கட்டமைப்பில் எழுந்தது. அடக்கத் தொழிலாளி ஒருவரிடம் தொடங்கி, பணமில்லாத மாணவர் ஒருவரிடம் வந்து சேர்கிறது இவ்வரலாறு. இரண்டிலும் மூல காரணம் ஒன்றே: இணைப்பு வேறொருவர் கையில் இருந்த குறை.

நாலு கோடியில் நின்ற எண்

அறிவு ஓரிடத்தில் குவிந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2014ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்து நிகழ்ச்சி ஒன்று சான்று. அமெரிக்காவில் ஆபத்து நேரத்தில் அழைக்க வேண்டிய எண் 911. பழைய நாளில் அவ்வழைப்பு அந்தந்த ஊர் இணைப்பகத்தின் வழியாகவே அவ்வூர்க் காவல் நிலையத்தை அடைந்தது. இணைய முறைக்கு மாறியபின், பல மாநிலத்து அழைப்புகளையும் எங்கே அனுப்புவது என்று முடிவு செய்யும் மென்பொருள் கொலராடோ மாநிலத்தில் ஓரிடத்தில் இருந்தது. வரும் ஒவ்வோர் அழைப்புக்கும் அது வரிசை எண் ஒன்று கொடுத்தது. அந்த எண்ணுக்கு மேல் எல்லையாக நாலு கோடி என்று நிரலில் எவரோ எழுதி வைத்திருந்தனர். ஏப்ரல் 9ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி அந்த எல்லை வந்தது. எண் தீர்ந்துவிட்டது. எண் இல்லாத அழைப்பை எங்கே அனுப்புவதென்று மென்பொருளுக்குத் தெரியவில்லை, அனுப்பாமலே விட்டது.

ஏழு மாநிலங்களில் 81 உதவி நிலையங்கள். அவற்றை நம்பியிருந்த மக்கள் ஒரு கோடியே பத்து இலட்சம். ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் 6,600க்கு மேற்பட்ட அழைப்புகள் சேரவில்லை. சியாட்டல் நகரில் ஒரு பெண்மணி, தம் வீட்டை உடைத்து உள்ளே வர முயன்ற அந்நியனைக் கண்டு 37 முறையாவது அழைத்தும் பதிலில்லை. அவன் சன்னல் வழியே நுழைந்தபோது சமையலறைக் கத்தியை எடுத்துக்கொண்டார், அவன் ஓடிவிட்டான். இத்தனைக்கும் அன்று புயலில்லை, வெள்ளமில்லை, அறுந்த கம்பியும் இல்லை. அழைப்புகள் நிற்பதைக் காட்டும் எச்சரிக்கை உரிய அவசரத்தோடு எழாததால், கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கவே மணிக்கணக்காயிற்று. இறுதியில் அழைப்புகளை மியாமியில் இருந்த மற்றொரு நிலையத்திற்குத் திருப்பினர். எல்லை எண்ணும் பின்னர் உயர்த்தப்பட்டது. ஆராய்ந்த கூட்டாட்சித் தொலைத்தொடர்பு ஆணையம், இது தடுத்திருக்கக் கூடிய தவறே என்று அவ்வாண்டு அக்டோபரில் அறிக்கை வெளியிட்டது.

இதே கேள்வி வேறோர் உருவில் பிரிட்டனில் எழுந்தது. பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் இணைப்பகத்து மின்கலங்களிலிருந்தே கம்பி வழியாக வந்தது. 48 வோல்ட் அளவு. வீட்டில் விளக்கணைந்தாலும் தொலைபேசி பேசும். இணையத் தொலைபேசிக்கோ வீட்டு மின்சாரம் வேண்டும். அது நின்றால் பேச்சும் நிற்கும். தனியே வாழும் முதியோர் பலர் கழுத்தில் அணிந்திருக்கும் உதவிப் பொத்தான் அந்தப் பழைய கம்பியை நம்பியே வேலை செய்தது. மாற்றத்தின்போது சிலருடைய பொத்தான் வேலை செய்யாமற்போன செய்தி வெளிவந்ததால், 2023 டிசம்பரில் அரசின் வற்புறுத்தலின்பேரில் நிறுவனங்கள் கட்டாய மாற்றத்தை நிறுத்தி வைத்தன. 2025 இறுதியில் பழைய முறையை மூடுவதாக இருந்த திட்டம் 2027 ஜனவரிக்குத் தள்ளப்பட்டது. மின்சாரம் போனால் ஒரு மணி நேரமாவது அவசர அழைப்புக்கு வழி இருக்க வேண்டும் என்று அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்காற்று அமைப்பு 2018ஆம் ஆண்டே வழிகாட்டியிருந்தது. புயலடித்த கிராமங்களில் மின்சாரம் திரும்ப நாட்கள் ஆனதுண்டு. அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிந்திய இரவைப் பற்றித்தான் அங்கே வாதம் நடந்துவந்தது.